ஐரோப்பாவின் ஊதியச் சட்டங்களும் சிட்டையில் ஏறாத மணித்தியாலங்களும்

கடற்கரையான் (பாரிஸ்)

வணக்கம் உறவுகளே. நான் வாசிப்பதோடு சரி, இங்கே எழுதியது குறைவு. ஒரு விஷயம் இரண்டு கிழமையாக மனதைக் குடைகிறது.

பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் 14 வருடம் நின்றேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, கடைசி ஏழு வருடம் அடுப்படி. 2025 சித்திரையில் முழங்கால் இனி முடியாது என்று ஆனபோது வேலையை விட்டேன். வயது 58. பென்ஷன் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, மகள் இணையத்தில் என் பதிவை எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு வருடத்துக்கும் நேரே போட்டிருந்த தொகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. நான் உழைத்ததில் பாதிகூட அதில் இல்லை.

சம்பளச் சிட்டையில் கிழமைக்கு 20 மணித்தியாலம். நின்றது 55. சிட்டைக்குரிய 800 யூரோ வங்கியில் விழும், இன்னொரு 600 கடித உறையில் கைக்கு வரும். ஆக மாதம் 1,400. பிரான்சின் சட்டக் குறைந்தபட்ச ஊதியமான ஸ்மிக்கில், முழுநேர வேலைக்குக் கழிவெல்லாம் போகக் கையில் வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் எனக்கும் ஸ்மிக் கிடைக்கிறது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது 35 மணித்தியாலத்துக்கான காசு என்பது தலையில் ஏறவே இல்லை. மகள்தான் வகுத்துக் காட்டினாள். மணிக்கு 6 யூரோகூட வரவில்லை.

குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய நீதிமன்றமும் 2025 நவம்பரில் அதை ஏற்றுக்கொண்டது என்று செய்தியில் கேட்டேன். என்னைப் போன்றவனுக்கு அதில் ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி (டோர்ட்முண்ட்)

அண்ணை, அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் வந்தது. 27 நாட்டுக்கும் ஒரே சம்பளம் என்று அது சொல்லவில்லை. சம்பளத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கிடையாது என்று அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. பல்கேரியாவின் சம்பளமும் லக்சம்பர்க்கின் சம்பளமும் ஒன்றாக இருக்கவும் முடியாது. சட்டம் கேட்பது வேறு. குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டத்தில் வைத்திருக்கும் 22 நாடுகளும் அதைக் காலத்துக்குக் காலம் திருத்த வேண்டும், அது வாழப் போதுமா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் (பாதிப்பேர் அதற்குக் கீழும் பாதிப்பேர் மேலும் வாங்குவது) 60 சதவீதம், அல்லது சராசரியில் 50 சதவீதம் என்பது உதாரணமாகச் சொல்லப்பட்ட அளவு, கட்டாயம் அல்ல. இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசிச் செய்யும் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொழிலாளர்கள் 80 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள நாடு, அதைக் கூட்டுவதற்கு ஒரு செயல்திட்டம் போட வேண்டும். யேர்மனியில் அது பாதி அளவில்தான் நிற்கிறது.

டென்மார்க் இதை முழுவதும் ரத்துச் செய்யச் சொல்லி வழக்குப் போட்டது. 2025 நவம்பர் 11 தீர்ப்பில் இரண்டு இடங்களை மட்டும் வெட்டிவிட்டு மிச்சச் சட்டத்தை நீதிமன்றம் விட்டுவைத்தது.

இங்கே யேர்மனியில் குறைந்தபட்ச ஊதியம் 2015இல்தான் வந்தது, மணிக்கு 8.50. பல லட்சம் வேலை போய்விடும் என்று பெரிய பொருளியலாளர்கள் எல்லாம் எழுதினார்கள். போகவில்லை. 2026க்கு 13.90, 2027க்கு 14.60.

ஆனால் அண்ணை, உங்கள் கதையில் சட்டம் வைத்த தொகை பிழையில்லை. பிரான்சின் ஸ்மிக் 2026 ஜனவரியில் மணிக்கு 12.02 யூரோ ஆனது. மணிக்கணக்குத்தான் பிழை. 55ஐ 20 என்று எழுதிவிட்டால் எந்த ஊதியச் சட்டமும் 20க்குத்தான் காசு தரும்.

வெண்பனி (ஹேர்னிங்)

டென்மார்க் ஏன் வழக்குப் போட்டது என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். தொழிலாளிக்கு எதிரான நாடு என்றுகூட ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். அது அப்படி இல்லை. இங்கே சட்டத்தில் குறைந்தபட்ச ஊதியம் கிடையவே கிடையாது. 1899இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து சம்பளம் பேசுவது அவர்கள் இரு தரப்பின் வேலை. அரசு அதில் தலையிட்டால் நாளைக்கு ஒரு பாராளுமன்றம் அதைக் குறைக்கவும் செய்யும் என்ற பயம் சங்கங்களுக்கே உண்டு.

ஒரு கதை சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சங்கத்து அம்மா ஒருவர் சொன்னது, பிறகு தேடி வாசித்தும் பார்த்தேன். மக்டொனால்ட்ஸ் 1981இல் டென்மார்க்குக்கு வந்தது. உணவகத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று ஏழெட்டு வருடம் இழுத்தது. சட்டப்படி அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1988 கடைசியில் மற்றத் தொழிற்சங்கங்கள் உள்ளே இறங்கின. துறைமுகத்தில் மக்டொனால்ட்ஸின் பெட்டியை யாரும் இறக்கவில்லை. லொறிக்காரர் ஏற்றவில்லை. அச்சகத்தில் அவர்கள் காகிதக் கோப்பையையும் உணவுப் பட்டியலையும் அச்சடிக்கவில்லை. 1989இல் கையெழுத்து வந்தது. இன்றைக்கு அங்கே இறைச்சி திருப்பும் பிள்ளைக்குக் கிடைக்கும் சம்பளம் அந்தக் கையெழுத்தின் வழியாக வந்ததுதான்.

கடற்கரையான் அண்ணா, உங்களுக்குப் பக்கத்தில் அப்படி நிற்க யாரும் இருக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

மதுரைக்காரன் (பார்சிலோனா)

ஊர்க்குருவி சார் எழுதியதைப் படித்தேன். எனக்கு பிரசெல்ஸ் மேல், அதாவது ஐரோப்பிய ஒன்றியத் தலைமையின் மேல், அவ்வளவு நம்பிக்கை இல்லை, காரணம் சொல்கிறேன். 2012 பிப்ரவரியில் கிரீஸில் குறைந்தபட்சச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவுக்கு வெட்டினார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் 511. கடன் கொடுத்த ஐரோப்பிய ஆணையமும் மத்திய வங்கியும் ஐ.எம்.எஃப்பும் போட்ட நிபந்தனையின் பேரில். அடுத்த வருடம் கிரீஸிலும் ஸ்பெயினிலும் வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தார்கள். அதே ஆணையம் 2017இல் கோதன்பர்க் மாநாட்டில் நியாயமான ஊதியம் உட்பட சமூக உரிமைக்கு 20 கொள்கை என்று வெளியிட்டது. ஐந்து வருடத்தில் என்ன மாறியது?

ஸ்பெயினில் நல்லது நடந்தது உள்நாட்டு அரசியலால். 2018இல் மாதம் 735.90 யூரோவாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2019இல் ஒரே தாவலில் 900 ஆனது. 2025இல் 1,184, வருடத்துக்கு 14 சம்பளம். தற்காலிக ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்திய சட்டம் 2022 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பொத்தானை மாற்றி அழுத்தியதால் வந்த ஓட்டு அது! அதற்கு முன்னால் என் அலுவலகத்து வரவேற்பறைப் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், நடுவில் ஒரு வாரம் வேலை இல்லை, மறுபடி ஆறு மாதம். வீட்டு வாடகைக்கு ஒப்பந்தத்தைக் கேட்டால் காட்ட முடியாது. இப்போது நிரந்தரம். நாட்டில் நாலில் ஒருவர் தற்காலிகம் என்று இருந்தது, இப்போது சுமார் ஆறில் ஒருவர்.

ஊர்க்குருவி (டோர்ட்முண்ட்)

மதுரைக்காரன், 2012 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கும் மறுப்பில்லை. அது அநியாயம். ஆனால் ஒன்றுமே மாறவில்லை என்பதை ஏற்க மாட்டேன். 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், யேர்மனியில் கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் குறைநேர வேலையில் இருந்தோம். ஆளை நிறுத்தாமல் மணியைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தரும் முறை அது. கார்ப் பாகம் செய்யும் ஆலையில் நானும் ஒருவன். வேலை இழந்த மணிகளுக்கு நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. ஐந்து மாதம் கழித்து அதே இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றேன். யேர்மனிக்கு இது பழைய பழக்கம். இதையே மற்ற நாடுகளும் செய்ய ஒன்றியம் தன் பெயரில் கடன் வாங்கி 19 நாடுகளுக்கு 98.4 பில்லியன் யூரோ கொடுத்தது. 2012இல் சம்பளத்தை வெட்டச் சொன்ன அதே இடத்திலிருந்துதான் 2020இல் சம்பளத்தைக் காப்பாற்றக் காசு வந்தது. பாடம் படித்திருக்கிறார்கள். மறந்துவிடாமல் பார்ப்பது நம் கையில்.

கடைக்காரன் (பாரிஸ் புறநகர்)

நான் 11 வருடமாக ஒரு சிறிய உணவகம் வைத்திருக்கிறேன். எல்லோரும் முதலாளியைத் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். வாடகை, எரிவாயு, மரக்கறி எல்லாம் ஏறிவிட்டது. ஒரு பிளேட் சாப்பாட்டுக்கு இரண்டு யூரோ கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். அடுத்த கடை முழு மணியையும் எழுதுவதில்லை. நான் மட்டும் எழுதினால் என் கடை மூடும், நாலு பேருக்கு வேலை போகும். கடற்கரையான் அண்ணைக்கு நடந்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் வேலை கொடுத்தவன் எல்லாம் கள்ளன் இல்லை.

செங்காந்தள் (பாரிஸ்)

கடைக்காரன் அண்ணா, மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. அதே மாதிரி நானும் சொல்கிறேன்.

பத்து வருடமாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு, நம்மவர்கள் புரூதோம் என்பார்களே, அங்கே மொழிபெயர்ப்புக்குப் போய் வருகிறேன். ஸ்மிக் சம்பளத்துக்கு ஆளை முறையாக எழுதினால் முதலாளி கட்டவேண்டிய சமூகக் காப்புப் பங்கில் பெரும்பகுதியை அரசே விட்டுக்கொடுக்கிறது. குறைந்த சம்பளத்தில்தான் அந்தச் சலுகை மிக அதிகம். 2009 ஜூலையில் உணவகச் சாப்பாட்டுக்கான வரியை 19.6 சதவீதத்திலிருந்து 5.5க்கு இறக்கினார்கள். சம்பளம் கூட்டுவோம், ஆள் எடுப்போம் என்று உணவகச் சங்கங்கள் வாக்குக் கொடுத்துத்தான் அதை வாங்கின. இன்றும் அது 10தான், பழைய 19.6 திரும்பவில்லை. அடுத்த கடை களவாக நடத்துகிறது என்பது உண்மை. அதற்கு மருந்து அந்தக் கடைக்கும் பரிசோதனை போவது. உங்கள் குசினியில் நிற்பவரின் முதுமையிலிருந்து அந்த இரண்டு யூரோவை எடுப்பது மருந்தாகாது.

கடற்கரையான் அண்ணா, உங்கள் பென்ஷன் விஷயம். பென்ஷனுக்கு வேலை செய்த காலத்தை இங்கே காலாண்டாக எண்ணுவார்கள். 20 மணித்தியாலம் எழுதியதால் அந்தக் காலாண்டுக் கணக்கில் ஓட்டை விழுந்திராது. 150 மணித்தியால ஸ்மிக் அளவு சம்பளம் பதிவானாலே ஒரு காலாண்டு சேரும், உங்களுக்கு வருடம் நாலும் சேர்ந்திருக்கும். அடி விழுந்திருப்பது தொகையில். அடிப்படை பென்ஷன் மிகச் சிறந்த 25 வருடங்களின் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. துணைப் பென்ஷனும் கட்டிய காசுக்கான புள்ளிதான். உறையில் வந்த காசுக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை.

வழக்குக்கு வழி இருக்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடச் சம்பளப் பாக்கியைக் கேட்கலாம். வேண்டுமென்றே மணியை மறைத்தது என்று நீதிமன்றம் கண்டால் ஆறு மாதச் சம்பளம் நட்டஈடு தனியாக உண்டு. விசா இல்லாமல் வேலை செய்தவருக்கும் சம்பள உரிமை உண்டு என்பதை இதை வாசிக்கும் மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 ஏப்ரலில் பாரிஸ் உணவகங்களின் குசினித் தொழிலாளர்கள், விசா இல்லாதவர்கள், செஜெதே என்ற தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பலருக்கு அதனாலேயே விசா கிடைத்தது.

மணியை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் இல்லை. இந்த நாளில் இத்தனைக்கு வந்தேன், இத்தனைக்குப் போனேன் என்று ஓரளவு திட்டமாக நீங்கள் வைத்தால் போதும், மறுக்கக் கணக்குக் காட்டவேண்டியது முதலாளி. நான் மொழிபெயர்த்த ஒரு வழக்கில் கோப்பை கழுவிய தம்பி தன் போனை மட்டும்தான் கொண்டுவந்தார். "நாளை 10க்கு வா", "இன்று பூட்டிவிட்டுப் போ, சாவி பெட்டியில்" என்று இரண்டு வருடக் குறுஞ்செய்திகள். ஒவ்வொன்றாக வாசித்து மொழிபெயர்க்க ஒரு மத்தியானம் பிடித்தது. எதிர்த்தரப்பிடம் ஒரு தாள்கூட இல்லை. அவர் வென்றார்.

ஊர்க்குருவி (டோர்ட்முண்ட்)

செங்காந்தள் அக்கா சொன்னதற்குப் பின்னால் ஐரோப்பியச் சட்டமும் நிற்கிறது. 2019 மே 14இல் ஒரு ஸ்பானியத் தொழிற்சங்கம் கொண்டுபோன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒவ்வொரு நாளும் எத்தனை மணி வேலை நடந்தது என்று அளக்க நம்பகமான முறையொன்றை முதலாளி வைத்திருக்கும்படி எல்லா நாடும் செய்ய வேண்டும். அளவு இல்லாவிட்டால் ஓய்வு உரிமையும் இல்லை, மேலதிக நேரமும் இல்லை என்பது அதன் நியாயம். யேர்மனியின் உச்ச தொழில் நீதிமன்றம் 2022 செப்டெம்பரில் இங்கும் அது கடமைதான் என்றது. என்னைக் கேட்டால், ஊதியச் சட்டத்தைவிட உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது இந்தத் தீர்ப்புத்தான்.

மதுரைக்காரன் (பார்சிலோனா)

இது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால், 2019 மே 12 முதல், ஸ்பெயினில் தினசரி நேரப் பதிவு கட்டாயமானது. எங்கள் தெருமுனை பாரில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் தொங்கும், வந்ததும் போவதும் எழுதிக் கையெழுத்து. எல்லோரும் 9 முதல் 5 என்றே எழுதிக் கையெழுத்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தாள் மட்டும் போதாது சார். பரிசோதகர் ராத்திரி 11 மணிக்கு வரவேண்டும்.

மலைச்சாரல் (பேர்ண்)

சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லலாம் என்று வந்தேன். 2014இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 22 பிராங் என்ற யோசனையை 76 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2020இல் ஜெனீவா மாநிலம் தனியாக 23 பிராங் என்று வாக்களித்துக் கொண்டது. மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் உணவகத் தொழிலாளரைக் காப்பது கூட்டு ஒப்பந்தம். நாட்டின் எல்லா உணவகத்துக்கும் அது கட்டாயம். 13ஆம் மாதச் சம்பளமும் ஐந்து கிழமை விடுமுறையும் அதில்தான் வந்தன. அதில் ஒரு பிரிவு எனக்கு மிகப் பிடிக்கும்: முதலாளி மணிக்கணக்கு எழுதி வைக்கவில்லை என்றால், தகராறு வரும்போது தொழிலாளி தானே எழுதி வைத்த கணக்கு சாட்சியாக ஏற்கப்படும். என் கணவர் 20 வருடமாக ஒரு சின்னக் கொப்பியை மேலங்கிப் பையில் வைத்திருக்கிறார். ஒருநாளும் தேவைப்படவில்லை. இருந்தாலும் எழுதுகிறார்.

இளையவன் (பாரிஸ்)

நான் படித்துக்கொண்டே சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எங்களுக்கு மணி என்பதே கிடையாது அண்ணா, ஓடர் மட்டும்தான். மழையில் ஓர் உணவக வாசலில் 40 நிமிடம் நின்றால் அந்த 40 நிமிடத்துக்குக் காசு இல்லை. என்னோடு ஓடுகிறவர்களில் சிலர் விசா இல்லாததால் இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். உழைப்பில் ஒரு பங்கு கணக்குக்காரருக்கு. கணக்கை நிறுவனம் ஒருநாள் மூடிவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. எங்களுக்கும் ஏதோ ஐரோப்பியச் சட்டம் வருகிறதாமே?

ஊர்க்குருவி (டோர்ட்முண்ட்)

வருகிறது தம்பி. 2024 அக்டோபரில் நிறைவேறியது, நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்கக் கெடு 2026 டிசம்பர் 2. நிறுவனம் உன்னைக் கட்டுப்படுத்தி வழிநடத்துவதற்கான அறிகுறி இருந்தால் நீ அதன் தொழிலாளி என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. கணக்கை மூடும் முடிவை மனிதர் எடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் நாடுகள் இதற்கு உடன்பட்டபோது பிரான்சும் யேர்மனியும் ஆதரவு தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எஸ்தோனியாவும் கிரீஸும் மனம் மாறியதால்தான் நிறைவேறியது. அதனால் பாரிஸில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று விழித்திரு. வாசலில் நிற்கும் அந்த 40 நிமிடத்தை இன்றிலிருந்தே எழுதி வை.

பனைமரம் (பலெர்மோ)

நான் வீட்டு வேலை செய்கிறவள். இங்கே நம்மவர்களில் பெரும்பாலும் அதுதான். ஸ்பெயினில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வேலையில்லாக் காலக் கொடுப்பனவு இல்லாமல் இருந்தது. பெண்களே அதிகம் உள்ள தொழிலை ஒதுக்குவது பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது, அந்த வருடமே ஸ்பெயின் சட்டத்தை மாற்றியது. வழக்குக்குப் போனது ஒரே ஒரு வீட்டு வேலைக்காரப் பெண். மதுரைக்காரன் தம்பி, பிரசெல்ஸை நம்பாவிட்டாலும் அவளை நம்புங்கள்.

இத்தாலியில் ஆள் பிடித்து விடும் தரகர்களைத் தண்டிக்க 2016இலேயே கடுமையான சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் லத்தினாவில் ஒப்பந்தமே இல்லாமல் பண்ணையில் வேலை செய்த ஓர் இந்தியத் தொழிலாளிக்கு இயந்திரத்தில் கை துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். செத்துப்போனார். சட்டம் இருந்த நாட்டில்தான் இது நடந்தது. இப்போது தொழிலாளர் சட்டத்தை மீறும் பண்ணைக்கு ஐரோப்பிய மானியத்தை வெட்டலாம் என்று ஒரு விதி இருக்கிறது. காசை வெட்டினால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரையான் (பாரிஸ்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரன் தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் முதலாளியும் நம் ஆள்தான். என் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்து மோதிரம் போட்டவர். அதனால்தான் இத்தனை காலமும் வாய் திறக்கவில்லை.

மலைச்சாரல் தங்கச்சி கொப்பி என்று எழுதியதும் மனைவி சொன்னாள், எங்களிடமும் ஒன்று இருக்கிறதே என்று. அவளுக்குச் சீனி வருத்தம். இரவு ஊசி நான் வந்துதான் போடுவேன், அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஊசி போட்ட நேரத்தையும் சீனி அளவையும் ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னார். எழுதினேன். வேலையிலிருந்து வந்து கை கழுவியதும் முதல் வேலை அதுதான். 00.50, 01.10, 00.45. ஞாயிறும் அப்படித்தான். திங்கள் மட்டும் 20.30, அன்றுதான் எனக்கு லீவு. ஒன்பது வருடக் கொப்பிகள் அலுமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு மூன்று மாதமும் வைத்தியர் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தின் சட்ட ஆலோசனைக்கு நேரம் எடுத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்குத்தான் கேட்கலாம் என்றால் 2022 சித்திரைக்கு முந்திய கொப்பிகளையும் கொண்டுபோக வேண்டுமா?

செங்காந்தள் (பாரிஸ்)

எல்லாவற்றையும் கொண்டுபோங்கள் அண்ணா. பழையவை காசு தராவிட்டாலும், வழக்குக்காக நேற்று எழுதியது அல்ல என்று காட்டும். மூலக் கொப்பியை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், பிரதி எடுத்துக் கொடுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் குசினி திறந்தீர்கள் என்பதற்கு மரக்கறி இறக்கியவரின் பற்றுச்சீட்டு, பழைய குறுஞ்செய்தி ஏதாவது இருக்கிறதா என்று மகளிடம் தேடச் சொல்லுங்கள். செவ்வாய் எத்தனை மணிக்கு? மத்தியானம் என்றால் நானும் வருகிறேன்.